ஒரே தீவு, ஒரே பெட்ரோல், எத்தனை விலை?

14 ஜூன் 2025, இரவு 10.15 (சிங்கப்பூர், செம்பவாங்கிலிருந்து ஒரு கேள்வி)

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்ரோல் நிலையம். பலகையில் நாலு காசு வித்தியாசம். உள்ளே போனால் எனக்கு ஒரு விலை, எனக்கு முன்னால் நின்றவருக்கு வேறு விலை. இத்தனைக்கும் சுத்திகரிப்பு ஆலை நம் ஊரிலேயே இருக்கிறது. நேற்று இஸ்ரேல் ஈரான்மேல் குண்டு போட்டது. இங்கே இரண்டே நாளில் ஏற்றிவிடுவார்கள், பாருங்கள். எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு அடிக்கிற கொள்ளை. இல்லை என்று யாராவது நிரூபிக்க முடியுமா?

14 ஜூன், இரவு 11.50 (அதே இணைய இழையில் ஒரு பதில்)

நிரூபிக்கவெல்லாம் எனக்குத் தெம்பில்லை தம்பி. கையில் ஒரு நோட்டு இருக்கிறது, அதை வைத்துப் பேசுகிறேன்.

தனியார் வாடகைக் கார் ஓட்ட ஆரம்பித்து ஏழு வருடமாகிறது. எண்ணெய் ஊற்றும் ஒவ்வொரு முறையும் தேதி, எத்தனை லிட்டர், பலகையில் என்ன விலை, உண்மையில் கொடுத்தது எவ்வளவு, ஓடிய கிலோமீட்டர், எல்லாவற்றையும் 555 நோட்டில் எழுதிவிடுவேன். மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே சின்ன நோட்டுதான். இப்போது நாலாவது நோட்டு.

அதைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது, பலகை விலையை நான் கடைசியாக எப்போது முழுசாகக் கொடுத்தேன் என்றே தெரியவில்லை. இந்த ஊரில் ஒரு கம்பெனியின் பலகை விலை ஈசூனிலும் ஒன்றுதான், ஜூரோங்கிலும் ஒன்றுதான். கம்பெனிக்குக் கம்பெனி சில காசு மாறும். ஆனால் கழிவு, அதாவது தள்ளுபடி, போனபிறகு ஆளுக்கு ஆள் மாறுவதோ ஐம்பது காசுக்கு மேல். நிலையத்துக்கு நிலையம் ஏன் மாறுகிறது என்று கேட்பதைவிட, அட்டைக்கு அட்டை ஏன் மாறுகிறது என்று கேளுங்கள்.

15 ஜூன், காலை 6.20

தூங்கி எழுந்ததும் 'ஆலை நம் ஊரிலேயே' என்ற வரி உறுத்தியது. என் அப்பா புக்கோம் தீவில் வேலை பார்த்தார். விடிவதற்குள் பாசிர் பாஞ்சாங் போய்ப் படகு பிடிப்பார். 1961இல் திறந்த ஆலை அது, நாட்டின் முதல் சுத்திகரிப்பு ஆலை. நாள் முழுக்கப் பெட்ரோல் வாசத்தோடு இருந்துவிட்டு வருவார். தன்னுடைய மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் ஊரார் கொடுக்கிற அதே விலையைக் கொடுத்துத்தான் ஊற்றுவார். அம்மா கேலி செய்வார்: "வீட்டுக்கு ஒரு போத்தல்கூடக் கொண்டுவர முடியலையா?"

கடற்கரையில் வீடு இருந்தால் மீன் இலவசமா? ஏலம் போடுகிறவர் வெளியூர் லாரி கொடுக்கிற விலையைத்தான் உள்ளூர்க்காரரிடமும் கேட்பார். ஆலையும் அப்படித்தான். இங்கே விற்காத பெட்ரோலைக் கப்பலில் ஏற்றினால் என்ன கிடைக்குமோ அதுதான் நமக்கும் அடக்கவிலை. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கப்பல் விலை தீர்மானமாவதே சிங்கப்பூர் நேரத்தில்தான். பிளாட்ஸ் என்ற நிறுவனம் மாலை 4 மணியிலிருந்து 4.30 வரை வியாபாரிகள் கேட்கும் விலையையும் கொடுக்கும் விலையையும் பார்த்து அன்றைய விலையைக் குறிக்கிறது. ஆசியாவில் பாதிப் பேர் அந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நாம் தேநீர் குடிக்கிற நேரத்தில் நம் ஊரில் முடிவாகிற விலை. நமக்கு ஒரு காசு சலுகை இல்லை.

அப்புறம் ஆலை 'நம்முடையது' என்பதும் சரியில்லை. புக்கோமை ஷெல் விற்றுவிட்டது; இந்த ஏப்ரல் 1 முதல் அது இந்தோனீசியாவின் சந்திரா அஸ்ரியும் கிளென்கோரும் சேர்ந்து நடத்துவது. ஜூரோங் தீவில் ஒன்று எக்ஸான்மொபிலுடையது. இன்னொன்றில் செவ்ரானும் எஸ்பிசி என்ற சிங்கப்பூர் பெட்ரோலியம் கம்பெனியும் பங்காளிகள். எஸ்பிசி 2009லிருந்து சீனாவின் பெட்ரோசைனா கையில். மண் மட்டும்தான் நம்முடையது.

15 ஜூன், மதியம் 2.05

கழிவறை இடைவேளையில் ஒரு கணக்கு. 95 ரகப் பெட்ரோலுக்குப் பலகை விலை 2.80 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி 23 காசு. பெட்ரோல் தீர்வை லிட்டருக்கு 66 காசு. மொத்தம் 89. ஆகவே மூன்றில் ஒரு பங்கு வரி. சந்தையில் பெட்ரோல் பீப்பாய் 80 அமெரிக்க வெள்ளி என்றால், 200 லிட்டருக்கு வகுத்து, நம் வெள்ளிக்கு மாற்ற 1.28ஆல் பெருக்கினால் 51 காசு. மிச்சம் 1.40 யாருக்குப் போகிறது? தம்பி சொன்ன கொள்ளை இதுதானோ?

15 ஜூன், மாலை 4.40

மேலே உள்ளதை அழிக்கவில்லை, என் மானம் போகட்டும். 200 லிட்டர் என்பது டிரம். பீப்பாய் என்பது 159 லிட்டர். கப்பல் பட்டறையில் ஸ்டோர் பார்த்தவனுக்கு டிரம்தான் கண்ணில் நிற்கிறது. சுட்டிக்காட்டிய அக்காவுக்கு நன்றி. கூடவே 'கணக்கு வாத்தியார் அழுகிறார்' என்று எழுதியிருக்க வேண்டாம்.

திருத்தம்: 80ஐ 159ஆல் வகுத்து 1.28ஆல் பெருக்கினால் 64 காசு. மிச்சம் 1.27. இதிலிருந்துதான் கழிவு, நிலத்துக்கான செலவு, ஆள் சம்பளம், டேங்கர் லாரி, மின்சாரம், கம்பெனி லாபம் எல்லாம் போகவேண்டும். கழிவே அரை வெள்ளி தின்றுவிடும்.

'மூன்றில் ஒரு பங்கு வரி' என்றதும் அரைகுறை. தீர்வை விழுக்காடு அல்ல, லிட்டருக்கு இத்தனை காசு என்று நிலையாக நிற்பது. விலை 3.20 ஆனால் வரியின் பங்கு கால்வாசிக்குச் சற்று மேலே இறங்கிவிடும். கழிவெல்லாம் போய் 2.29 கொடுக்கும் எனக்கோ 37 விழுக்காடு. ஆளுக்கு ஆள் பங்கு மாறும்போது ஒற்றை விழுக்காட்டைச் சொல்லிச் சண்டை போடுவதில் பயனில்லை.

18 ஜூன், இரவு

ஏறிவிட்டது. தம்பிக்கு வெற்றி. வழக்கமாக ஊற்றும் இடத்தில் இன்று நாலு காசு.

21 ஜூன், இரவு 12.30

இன்னும் மூன்று. ஆக மொத்தம் ஏழு. ஹோர்முஸ் நீரிணையை ஈரான் மூடிவிடுமா என்று பின்சீட்டில் உட்கார்ந்த பயணி ஒருவர் சாங்கி வரை வகுப்பெடுத்தார். உலகம் செலவழிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அந்தக் குறுகலான வழியாகத்தான் வருகிறதாம். உண்மைதான். அவர் இறங்கும்போது ஐந்து நட்சத்திரம் கொடுத்தார், நான் வாயைத் திறக்கவே இல்லை என்பதற்காக.

ஏழு காசு நியாயமா? எண்ணெய் பீப்பாய்க்கு 10 அமெரிக்க வெள்ளி மாறினால் நமக்கு லிட்டருக்கு 8 காசு, வரியோடு 9க்குச் சற்றுக் குறைவு. உலகச் சந்தைக்கு அளவுகோலான பிரெண்ட் கச்சா எண்ணெய் 12ஆம் தேதி 69. 19ஆம் தேதி 78ஐத் தாண்டியது. கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஆனால் இப்போது தொட்டியில் இருப்பது சண்டைக்கு முன்னால் வாங்கிய எண்ணெய்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். அடுத்த லோடை என்ன விலைக்கு வாங்கவேண்டுமோ அதை வைத்துத்தான் இன்றைய விலை. வெங்காயக் கடைக்காரரும் அதைத்தான் செய்கிறார். வெங்காயக்காரர் விலை இறங்கும்போதும் அதே சுறுசுறுப்போடு இறக்குகிறாரா என்று பார்ப்போம்.

26 ஜூன்

24ஆம் தேதி போர்நிறுத்தம். பிரெண்ட் அன்றே 67. சண்டைக்கு முன்னால் இருந்ததைவிடக் குறைவு. எங்கள் பலகை? அசையவில்லை.

28 ஜூன்

மூன்று காசு இறங்கியது.

4 ஜூலை

மீதி நாலு காசு இன்றைக்கு. சண்டை தொடங்கியதிலிருந்து முழுசாக ஏற எட்டு நாள், போர்நிறுத்தத்திலிருந்து முழுசாக இறங்கப் பத்து நாள். நம் ஊர் வியாதி மட்டும் இல்லை இது. பிரிட்டனின் பெட்ரோல் விலையை ஆராய்ந்த ராபர்ட் பேக்கன் என்ற பொருளியலாளர் 1991லேயே ராக்கெட், இறகு என்று பெயர் சூட்டிவிட்டார். ராக்கெட்டாக ஏறும், இறகாக மிதந்து இறங்கும்.

காரணம் நாம்தான் என்கிறார்கள் சிலர். ஏறும்போது நாலு நிலையம் அலைவோம், செயலியைத் திறப்போம். ஒரு காசு இறங்கினால் போதும், நிம்மதியாக வழக்கமான இடத்துக்குப் போய்விடுவோம். தேடுகிறவன் இல்லாத இடத்தில் யார் அவசரமாக இறக்குவார்? என் நோட்டிலும் அப்படித்தான். ஜூன் 18லிருந்து 23 வரை மூன்று வெவ்வேறு நிலையம். 28க்குப் பிறகு எல்லாம் ஒரே இடம்.

5 ஜூலை

இன்னொருவர் கேட்கிறார்: 'அப்போ பேசிவைத்துத்தான் செய்கிறார்கள் என்று ஒப்புக்கொள்கிறீர்களா அண்ணே?'

இல்லை. 2017 கடைசியில் போட்டித்தன்மை ஆணையம் பெட்ரோல் சந்தையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. சதி நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவர்கள் குறைப்பட்டது வேறு: கழிவுகள் ஆயிரத்தெட்டு வகை, வாடிக்கையாளரால் ஒப்பிடவே முடியவில்லை. கிராமத்துத் தெருவில் நாலே டீக்கடை என்றால் கூடிப்பேசத் தேவையில்லை, ஒருவர் சிலேட்டில் அழித்து எழுதினால் மற்றவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். இங்கே ஐந்தாறு கம்பெனி. ஒருவர் ஏற்றியது மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தபிறகு பேச என்ன இருக்கிறது?

அது நியாயமா என்றால், என் வாயால் நியாயம் என்று வராது. குற்றமும் இல்லை. நடுவில் ஏதோ ஒன்று.

20 ஜூலை

ஆடி பிறந்து நாலு நாள். தேக்காவில் ஒரு பயணியை இறக்கிவிடும்போது புடவைக் கடை வாசலில் தள்ளுபடிப் பலகை பார்த்தேன். அப்போதுதான் இந்த இழை நினைவுக்கு வந்தது.

பெட்ரோல் நிலையத்தில் வருடம் பூராவும் ஆடி மாதம். நிலையத்தின் உறுப்பினர் அட்டைக்கு ஒரு கழிவு, வங்கி அட்டைக்கு ஒன்று, தொழிற்சங்க அட்டைக்கு ஒன்று, கம்பெனி லாரிகளுக்குத் தனி ஒப்பந்தம். சில இடங்களில் வாசலில் துணிப் பதாகை கட்டி 'இந்த நிலையத்தில் மட்டும்' என்று இன்னும் ஒன்று. இப்படிக் கட்டும் இடங்களைக் கவனியுங்கள், பெரும்பாலும் எதிரே இன்னொரு கடை இருக்கும், அல்லது லாரிகள் அதிகம் போகும் தொழிற்பேட்டையாக இருக்கும். பலகை விலை தீவு முழுக்க ஒன்று என்று முதல் நாள் சொன்னேன் அல்லவா? சரிதான், ஆனால் இந்தத் துணிப் பதாகை வழியாக நிலையத்துக்கு நிலையம் விலை மாறத்தான் செய்கிறது. தம்பியின் மூலக் கேள்விக்கு நான் முழுசாகப் பதில் சொல்லாமல் விட்ட இடம் இது. 2019இல் சினோபெக் என்ற சீனக் கம்பெனி ஈசூனிலும் புக்கிட் தீமாவிலும் கடை திறந்தபோது என் நோட்டில் இரண்டு மாதம் அக்கம்பக்கத்துக் கழிவெல்லாம் கூடியிருக்கிறது. புது ஆள் வந்தால் பழைய ஆளுக்குத் தாராள மனசு வந்துவிடும்.

கணக்குப் போடும்போது ஒன்று: 14 விழுக்காடும் 5 விழுக்காடும் சேர்ந்தால் 19 இல்லை. 14 போனபிறகு மிச்சத்தில்தான் 5. ஆக 18.3. அந்த முக்கால் விழுக்காட்டுக்காக நான் ஒரு வருடம் வங்கியைத் தப்பாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

20 ஜூலை, சற்று நேரம் கழித்து

ஏன் பலகையைக் குறைத்துவிட்டுக் கழிவை எடுத்துவிடக்கூடாது? ஒரு கம்பெனி மட்டும் அப்படிச் செய்தால் 'இங்கே கழிவே இல்லை' என்று நாமே ஓடிவிடுவோம். அப்புறம், அட்டை இல்லாதவர் ஒருவர் எப்போதும் வருவார். அவர் முழு விலை கொடுப்பார்.

என் தாய்மாமன் அந்த ஒருவர். எழுபத்திரண்டு வயது, பழைய வேன், பூமாலை வியாபாரம். ஏழு வருடமாகக் கழிவுக் கணக்கு எழுதுகிறவனின் மாமா பலகை விலை கொடுக்கிறார் என்பதே போன மாதம்தான் தெரிந்தது. கடன் அட்டை வேண்டாம், இலவச உறுப்பினர் அட்டையாவது எடுங்கள் என்று கைப்பேசியில் பதிவு செய்ய உட்கார்ந்தோம். மின்னஞ்சல் கேட்டது, பிறந்த தேதி கேட்டது, பாஸ்வர்டு கேட்டது. மாமா எழுந்துவிட்டார். "காசைக் கொடுத்தா எண்ணெய் ஊத்தணும்டா. அதுக்கு எதுக்குப் பாஸ்வர்டு?"

எனக்குப் பதில் வரவில்லை. அவருடைய வேன் டீசல் என்பதால் தீர்வை வெறும் 20 காசு என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்கும் அவர் சமாதானமாகவில்லை.

21 ஜூலை

ஃபியூவல் காக்கி பற்றிக் கேட்டவருக்கு: பெட்ரோல் விலையை ஒப்பிடும் இணையச் சேவை, பயனீட்டாளர் சங்கம் 2020 ஜனவரியில் தொடங்கியது. பலகை விலை, எந்த அட்டைக்கு எவ்வளவு கழிவு, கடைசியில் எவ்வளவு, எல்லாம் போடும். காக்கி என்றால் மலாயில் கால், இங்கே பேச்சுவழக்கில் கூட்டாளி. நான் முதலில் போலீஸ் ஏதோ செயலி விட்டிருக்கிறது என்று நினைத்தேன்.

9 ஆகஸ்ட்

தேசிய தினம், சாலையெல்லாம் அடைப்பு, வீட்டில் இருக்கிறேன். 98 ஊற்றினால் வண்டி பறக்கும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அந்த மதத்தில் நாலு வருடம் இருந்தேன். சொந்தமாக 1.6 லிட்டர் கார் வைத்திருந்த காலம். மெக்கானிக் ஒருநாள் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: 95 போதும் என்று அச்சடித்திருந்தது. அந்த எண் எஞ்சினுக்குச் சக்தி தருவதல்ல, அழுத்தம் கூடும்போது பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு. எஞ்சின் கேட்காததைக் கொடுத்தால் அதற்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

பலகையில் 95க்கும் 98க்கும் ஏறக்குறைய அரை வெள்ளி வித்தியாசம். தீர்வையில் வித்தியாசம் 13 காசுதான்: 66, 79. 2021 பிப்ரவரி 16 வரவுசெலவுத் திட்டத்தில் முறையே பத்தும் பதினைந்தும் கூட்டினார்கள், அன்றிலிருந்து இந்த அளவு. ஆக வரி போனாலும் முப்பது காசுக்கு மேல் நிற்கிறது. அது பெருமைக்கான விலை. 92 போதுமான பைக் வைத்திருப்பவர்கள் கவனிக்க, அதை எஸ்ஸோ, கால்டெக்ஸ், எஸ்பிசி விற்கின்றன, ஷெல்லில் கிடையாது.

விடியற்காலைக் குளிரில் ஊற்றினால் கூடுதலாக நிற்கும் என்ற வாட்ஸ்அப் செய்திக்கும் இங்கேயே பதில். ஒரு டிகிரிக்குப் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்குதான் விரியும். தொட்டியோ தரைக்கு அடியில்; சிங்கப்பூர் விடியலுக்கும் மதியத்துக்கும் அதற்கு வேற்றுமையே தெரியாது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

24 ஆகஸ்ட்

நில விலைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஜூனில் நான் ஒரு காப்பிக்கடைப் பேச்சில் அடித்துச் சொன்னேன். இங்கேயும் சிலர் சொல்கிறீர்கள். எங்கள் பேட்டை முனையில் இருந்த நிலையம் குத்தகை முடிந்து போனது, இப்போது தகர வேலி. அந்த மண்ணுக்கு ஏலத்தில் மில்லியன் கணக்கில் கொட்டுகிறார்கள், அதைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள் என்பது வாதம்.

யோசித்துப் பார்த்தால் தலைகீழாகவும் இருக்கலாம். பெட்ரோல் விற்று லிட்டருக்கு இத்தனை மிஞ்சும் என்று தெரிந்ததால்தானே ஏலத்தில் அவ்வளவு கேட்கிறார்கள்? விலை உயர்வாக இருப்பதால் நிலம் ஏறுகிறது. நிலம் ஏறியதால் விலை உயரவில்லை. ஏலத்தில் கட்டியது கட்டியதுதான், அதன்பிறகு நாளைக்கு என்ன விலை வைப்பது என்பது எதிர்க்கடையைப் பார்த்துத்தான். இந்த யோசனை என்னுடையதல்ல, பொருளியல் படிக்கும் என் மகளுடையது. "அப்பா, இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே தானிய விலைக்கும் நில வாடகைக்கும் இதைச் சொல்லிட்டாங்க" என்றாள். கல்லூரிக் கட்டணம் வீண்போகவில்லை.

ஆனாலும் முழுசாக விட மனசில்லை. நிலமே குறைவு, நிலையங்கள் இருநூறைத் தொடவில்லை, நினைத்த இடத்தில் புதுக்கடை போட முடியாது. போட்டி குறைவாக இருப்பதற்கு நிலம் ஒரு காரணம். அந்த வழியாக விலைக்கும் காரணம். மகளிடம் இதைச் சொன்னேன். "சரி" என்றாள். அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

12 செப்டம்பர்

எரிச்சலில் எழுதுகிறேன். ஒரு வங்கி அட்டை. மாதம் 800 வெள்ளி செலவழித்தால் பெட்ரோலுக்குக் கூடுதல் 5 விழுக்காடு திரும்பி வரும். ஆகஸ்ட் மாதம் நான் செலவழித்தது 789. பதினொரு வெள்ளி குறைந்ததால் 26 வெள்ளி போச்சு. தொலைபேசியில் அழைத்தேன், இசை கேட்டேன், இன்னும் கொஞ்சம் இசை கேட்டேன், "விதி அப்படித்தான் சார்" என்றார்கள்.

இதில் கூத்து என்னவென்றால், ஜூலையில் அந்த 800ஐ எட்டுவதற்காகத்தான் தேவையில்லாத ஒரு காற்றாடி வாங்கினேன். காற்றாடி 59 வெள்ளி. காற்று நன்றாகத்தான் வருகிறது.

13 செப்டம்பர்

2020ஐப் பற்றி ஒருவர்: 'அப்போது எண்ணெய் விலை மைனஸில் போனதே, நமக்கு ஏன் இலவசமாகக் கிடைக்கவில்லை?'

ஏப்ரல் 20, மைனஸ் 37.63. அது அமெரிக்காவில், வைக்க இடமில்லாத ஒரு மாத ஒப்பந்தத்துக்கு ஒருநாள் வந்த விலை. இங்கே கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டம், அதாவது கோவிட் முடக்கம், நடந்துகொண்டிருந்தது. என் வண்டியில் பயணியே இல்லை. பெட்ரோல் மலிந்தது, ஆனால் தீர்வை அன்றைக்கும் 56 காசு, நிலத்துக்கும் ஆளுக்கும் உள்ள செலவு அப்படியே. கச்சா எண்ணெய் பாதியானாலும் பலகை பாதியாகாது, மாறுகிற பகுதியே சின்னது. 2022 மார்ச்சில் உக்ரேன் போரின்போது 95 மூன்று வெள்ளியைத் தாண்டியது. ஏறும்போதும் இதே காரணத்தால்தான் கச்சா அளவுக்கு ஏறவில்லை. அது மட்டும் ஏனோ யாருக்கும் நினைவில் நிற்பதில்லை, எனக்கும்தான்.

1 அக்டோபர்

நேற்றிலிருந்து மலேசியாவில் 95 அவர்கள் குடிமக்களுக்கு 1.99 ரிங்கிட். கடற்பாலத்தைத் தாண்டினால் என்ன என்று நாலு பேர் தனிச்செய்தி அனுப்பிவிட்டீர்கள். சிங்கப்பூர் எண்பலகைக்கு அங்கே 95 ஊற்ற 2010லிருந்தே தடை. மஞ்சள் குழாயைத் தொடாதீர்கள். 97தான், பச்சைக் குழாய். அதுவும் மூன்று ரிங்கிட்டுக்குச் சற்று மேல். நம் காசில் ஒரு வெள்ளிக்கும் குறைவு.

போன மாதம் குடும்பத்தோடு போனபோது கணக்கு எழுதினேன். கிளம்பும்போது முக்கால் தொட்டி இருந்தே ஆகவேண்டும். 1989இல் பாதி என்று கொண்டுவந்து 1991இல் முக்கால் ஆக்கினார்கள். பிடிபட்டால் 500 வெள்ளி வரை அபராதம். அப்போ அங்கே நிரப்புவது கால் தொட்டியும் வழியில் எரிந்ததும், எனக்குப் பதினாலு லிட்டர். லிட்டருக்கு 1.30 மிச்சம் என்றால் 18 வெள்ளி. சாலைக் கட்டணம் 20 ரிங்கிட், இரண்டு பக்கமும் டோல், ஜூலை முதல் நுழைவு அனுமதி இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மட்டும் இரண்டு மணி நேரம் நின்றோம். அந்த இரண்டு மணியில் வண்டி ஓட்டியிருந்தால் அறுபது வெள்ளி.

மனைவி நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாம மீன்தலைக் கறிக்குப் போனோம். எண்ணெய்க்குப் போனோம்னு யார் சொன்னது?"

2 நவம்பர்

இடையில் தீபாவளி. இழையை மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள்.

எஸ்ஸோ நிலையங்களைச் சந்திரா அஸ்ரி வாங்கப்போகிறது என்ற செய்தி வந்திருக்கிறது. பெயர்ப்பலகை எஸ்ஸோவாகவே இருக்குமாம். அப்பா வேலை பார்த்த தீவை வாங்கியவர்களில் ஒருவரே நான் எண்ணெய் ஊற்றும் முனைக்கும் வருகிறார். விலை மாறுமா என்று கேட்காதீர்கள், நோட்டில் எழுதிப் பார்த்துச் சொல்கிறேன்.

சொல்ல மறந்த ஒரு சோதனை. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் செயலியைப் பார்த்து எங்கே மலிவோ அங்கே ஊற்றினேன். செப்டம்பர், அக்டோபர் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரே நிலையம், ஒரே அட்டை. சந்தை விலை ஏறி இறங்கியதைக் கழித்துப் பார்த்தால் அலைந்த மாதங்களில் லிட்டருக்கு 6 காசு மிச்சம். மாதம் 220 லிட்டர், ஆக 13 வெள்ளிச் சொச்சம். அலைந்த கிலோமீட்டரை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் 13 நிற்குமா என்பது சந்தேகம். ஏழு வருடம் எல்லாவற்றையும் எழுதியவன் அதை மட்டும் எழுதாமல் விட்டதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும்.

செம்பவாங் தம்பிக்கு: இழைக்குள் நீங்கள் ஜூன் மாதத்துக்குப் பிறகு வரவே இல்லை. மின்சாரக் கார் வாங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கார்ப்பேட்டை மின்னூட்டிகளில் மட்டும் ஏன் இடத்துக்கு இடம் விலை மாறுகிறது என்று இன்னொரு இழை தொடங்குங்கள். நோட்டில் கடைசி நாலு பக்கம் காலியாக இருக்கிறது.

3 நவம்பர்

மாமா உறுப்பினர் அட்டை எடுத்துவிட்டார். பாஸ்வர்டு என்னிடம்தான் இருக்கிறது. புள்ளிகளும் என் கணக்கில்தான் சேர்கின்றன, அதைத் திருத்தவேண்டும்.